பாட்டம் பதினாலு

ஜூன் 3, திங்கள்

இன்று எனக்கு ஓர் அறை கொடுத்தார்கள். போன வாரம் வரை பழைய எக்ஸ்ரே கவர்களை அடுக்கி வைத்திருந்த அறை. கதவில் ‘கை கால் வீக்கப் பிரிவு’ என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. உள்ளே ஒரு கட்டில், ஒரு திரை, ஒரு மின்விசிறி, பிசியோதெரபி படித்த நான். பிரிவு என்றால் நான்தான்.

எலும்பு டாக்டர் கதிரேசன் சார்தான் இந்த டிரஸ்ட் மருத்துவமனையில் எல்லாவற்றுக்கும். “ஒரு மாசம் டைம். ஜூலை முதல் வாரம் டிரஸ்ட்லேர்ந்து ஆள் வருவாங்க. வீக்கம் குறைஞ்சிருக்குன்னு நம்பர்ல காட்டு. இல்லன்னா ரூமை எக்ஸ்ரேவுக்கே திருப்பிக் குடுத்துடுவேன்” என்றார். “சரி சார்” என்றேன். இன்று நான் அவரிடம் பேசியது அவ்வளவுதான்.

மதியம் முதல் நோயாளி வந்தார். சவரிமுத்து, வயது ஐம்பத்தாறு, டெய்லர் மாஸ்டர். திருப்பாதிரிப்புலியூரில் கடை. பேன்ட் மட்டும்தான் தைப்பாராம். சட்டை தைப்பவர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. இடது கால் பதினான்கு வருடமாக வீங்கியிருக்கிறது. கொசுக்கடியில் வந்த யானைக்கால். கிருமி எப்போதோ போய்விட்டது, வீக்கம் மட்டும் குடியிருக்கிறது. கூட அவர் மனைவி ரெஜினா அக்கா வந்திருந்தார்.

கணுக்காலுக்கு மேலே பத்து சென்டிமீட்டரில் சுற்றளவு எடுத்தேன். வலது 29. இடது 43.5. டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. மாஸ்டர் என் கையையே முகம் சுளித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்படியாம்மா அளப்பாங்க? கால் மூச்சு விட வேணாமா?”

பிறகு பேர் கேட்டார். சொன்னேன். “என்ன?” என்றார். மறுபடி சொன்னேன். “என்னாது?” என்றார். ரெஜினா அக்கா என் அடையாள அட்டையைப் படித்து அவர் காதில், “தேன்மொழியாம்!” என்று கத்தினார்.

“பேர்லதான் மொழி இருக்குது” என்றார் மாஸ்டர்.

ஜூன் 4, செவ்வாய்

கழுத்திலிருந்து ஆரம்பித்தேன். மாஸ்டர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“டாக்டரம்மா, கால் அந்தக் கடைசில இருக்குது.”

“தெரியும் மாஸ்டர்.”

“தெரிஞ்சும் கழுத்தப் புடிக்கிறியே?”

காலில் தேங்கும் நிணநீர் மேலே ஏறி, கடைசியில் கழுத்துப்பட்டை எலும்புக்குப் பின்னால் ரத்தத்தில் போய்க் கலக்கிறது. பஸ்ஸில் வாசலில் நிற்பவர் இறங்காமல் பின் சீட்டுக்காரர் எப்படி இறங்குவார்? அதனால் முதலில் கழுத்து, அப்புறம் வயிறு, தொடை, கடைசியில்தான் பாதம். இந்த பஸ் உதாரணம் மிக நன்றாக இருக்கிறது. பண்ருட்டி பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதுதான் தோன்றியது. அவரிடம் நான் சொன்னது, “அப்படித்தான் மாஸ்டர்.”

அழுத்தம் போதாது என்பது அடுத்த புகார். நிணநீர் நாளங்கள் தோலுக்கு நேர் கீழே, தையல் நூலைவிட மெல்லியதாக ஓடுகின்றன. அழுத்தினால் மூடிக்கொள்ளும். தோலை மட்டும் மெல்ல இழுத்து விட வேண்டும். அவற்றுக்கென்று ஓர் இதயம் கிடையாது, தாமாகவே மெதுவாகச் சுருங்கி விரியும். நாம் கொஞ்சம் ஞாபகப்படுத்துகிறோம், அவ்வளவுதான்.

“இது என்ன மசாஜா, தூசி தட்டுறதா?” என்றார் மாஸ்டர்.

“நீ தள்ளும்மா, நான் சப்பாத்தி மாவு கணக்கா பிசைஞ்சு தரேன்” என்று ரெஜினா அக்கா வளையலை மேலே ஏற்றினார். நல்லவேளை, தடுத்துவிட்டேன். எப்படித் தடுத்தேன் என்றால், குறுக்கே நின்றேன்.

ஜூன் 5, புதன்

காத்திருக்கும் கூடத்தில் இருபது பேர் உட்கார்ந்திருக்கும்போது மாஸ்டர் வாசலிலிருந்தே அறிவித்தார்: “டாக்டரம்மா! நேத்து நீ கழுத்தத் தடவுனதுக்கு நான் ஆறு தடவ ஒண்ணுக்குப் போனேன்!”

வடிந்த நீரில் ஒரு பங்கு அப்படிப் போவதாகப் பலரும் சொல்கிறார்கள் என்று விளக்க நினைத்தேன். அதற்குள் முழங்கால் வலிக்காரர் இருவர் தங்களுக்கும் கழுத்தைத் தடவச் சொல்லி வரிசையில் நின்றுவிட்டார்கள்.

ஜூன் 7, வெள்ளி

தொடை இடுக்கில் நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. அவற்றைத் திறக்காமல் காலை வடிக்க முடியாது. இதை ஓர் ஆண் நோயாளிக்கு எப்படிச் செய்வது என்று கல்லூரியில் சொல்லித் தந்திருந்தார்கள்: அவரையே செய்ய வைக்க வேண்டும். எந்தக் குரலில் சொல்வது என்று சொல்லித் தரவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் மாஸ்டர். இந்தப் பக்கம் நான், சுவரைப் பார்த்தபடி. திரையின் ஓரத்தில் ரெஜினா அக்கா, ஒலிபெருக்கியாக.

“உள்ளங்கையைத் தட்டையா வச்சு...” என்றேன்.

“தட்டையா வைக்கணுமாம்!”

“மேல் பக்கமா, மெதுவா...”

“மேல தள்ளணுமாம்! அங்க இல்லய்யா, ஐயோ, மேல!”

மின்விசிறி ஓடியும் எனக்கு வியர்த்துவிட்டது. வெளியே வந்தபோது முழங்கால் வலிக்காரர்கள் வரிசை கலைந்திருந்தது.

ஜூன் 10, திங்கள்

மாஸ்டர் இன்று ஒரு காகிதப் பையிலிருந்து பேன்ட் ஒன்றை எடுத்துக் காட்டினார். சாம்பல் நிறம். கத்தி போல மடிப்பு. இரண்டு காலும், பாட்டம் என்று அவர் சொல்லும் கீழ்ச் சுற்றளவும், ஒரே அளவு.

“பாட்டம் பதினாலு. போன மாசமே தச்சிட்டேன்.”

ஜூலை 28-ஆம் தேதி தையல்காரர் சங்க விழாவில் அவருக்கு மேடையில் பொன்னாடை போர்த்துகிறார்கள். முப்பத்துநாலு வருடத்தில் கடலூரில் பாதி மாப்பிள்ளைகளுக்கு பேன்ட் தைத்தவர். தனக்குத் தைத்துப் பதினான்கு வருடம் ஆகிறது. லுங்கிதான்.

“பேன்ட் மாஸ்டர் லுங்கியோட மேடை ஏறுனா, சட்டைக்காரப் பயலுவ சிரிப்பானுவம்மா. ஏறலன்னா வீட்லயே இருந்துடுவேன். ஒண்ணு இது ஏறணும், இல்ல நான் போவல.”

“அப்ப பாட்டத்தை இருபதா வச்சித் தச்சிக்க வேண்டியதுதானே?” என்றார் ரெஜினா அக்கா.

மாஸ்டர் அவரைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது.

பதினாலு இன்ச் என்றால் முப்பத்தைந்தரை சென்டிமீட்டர். கால் இன்று 42.

ஜூன் 12, புதன்

அம்மாவின் விரல்கள் முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்துக் கறுத்திருக்கின்றன. இன்று சாப்பிடும்போது, “நாலரை வருஷம் படிச்சிட்டு கடசில கால் தடவுற வேலையா பாப்பா?” என்றாள். அப்பா, “தடவல, நீர் எறக்குறா” என்று திருத்தினார். பக்கத்து வீட்டில் அவர் ‘நீர்ப் பிரிவு’ என்று சொல்லி வைத்திருக்கிறார். அவர்கள் குடிநீர் வாரியம் என்று நினைத்து, குழாயில் தண்ணீர் வராத நாட்களில் என்னை முறைக்கிறார்கள்.

ஜூன் 15, சனி

கால் எத்தனை லிட்டர் தண்ணீரை வெளியே தள்ளுகிறது என்று அளக்கும் தொட்டியில் இன்று துடைப்பம் நின்றுகொண்டிருந்தது. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

40.5! தோலைக் கிள்ளினால் மடிப்பு வருகிறது. முன்பு பலகை மாதிரி இருந்தது. மாஸ்டர் தன் காலைத் தானே கிள்ளிக் கிள்ளிப் பார்த்து, “துணி எளகியிருக்கு” என்றார். தினமும் மசாஜ் முடிந்ததும் நாலு அடுக்குக் கட்டு, நடை, வயிற்று மூச்சு. விரலிடுக்குகளைக் கழுவி, துடைத்து, காயவைப்பது ரெஜினா அக்கா பொறுப்பு. “கட்டிக் குடுத்தப்ப இதெல்லாம் சொல்லல” என்கிறார், ஆனால் ஒரு நாளும் விடுவதில்லை.

ஜூன் 20, வியாழன்

39.5.

டாக்டர் சார் கூப்பிட்டார். ஜூலை 4 அன்று டிரஸ்ட் ஆட்கள் முன்னால் நான் ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். நின்றுகொண்டு.

ஜூன் 21, வெள்ளி

கண்வலி. உண்மையாகவே கண்வலி. இரண்டு கண்ணும் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஒட்டுவாரொட்டி என்பதால் ஐந்து நாள் வரக் கூடாது என்று சார் போனிலேயே சொல்லிவிட்டார்.

ஜூன் 24, திங்கள்

மாஸ்டர் போன் செய்தார். கழுத்து, மூச்சு, தொடை எல்லாம் தானே செய்துகொள்கிறாராம். “நீ சொன்ன மாதிரியே தூசி தட்டுறேன்.” ரெஜினா அக்கா கட்டுகிறாராம். “அளவும் நோட்டுல எழுதிட்டேன், என் சொந்த டேப்ல. நீ எப்ப வர்ற?”

கண் இன்னும் சிவப்பாக இருக்கிறது என்றேன்.

ஜூன் 27, வியாழன்

அம்மா என் இமையை விலக்கிப் பார்த்து, “எங்கடி செவப்பு? பாலு மாதிரி இருக்குது” என்றாள். உள்ளே சிவப்பு, வெளியே தெரியாது என்றேன். அம்மா கொட்டை உடைக்கப் போனாள். உடைக்கும் சத்தம் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது.

ஜூலை 1, திங்கள்

கண் சரியாகிவிட்டது. அப்பா டிவிஎஸ்ஸில் பஸ் நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டு, பஸ் கிளம்பும்வரை நின்றார்.

அறையில் மாஸ்டர் கட்டிலில் படுத்திருக்க, டாக்டர் சார் அவருடைய நோட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் கடைசியாக எழுதியது 39.5. அதற்குக் கீழே மாஸ்டரின் கையெழுத்தில் 42, 41.5, 41, 40.5.

கட்டைப் பிரித்து நான் அளந்தேன். 38.

“நீ லீவு போட்டா ரெண்டரை ஏறுது. நீ வந்த அன்னிக்கே ரெண்டரை எறங்குது” என்றார் சார். “கால் என்ன, உன்னப் பாத்து பயப்படுதா? இல்ல டேப்ப இழுத்துப் புடிச்சியா?”

“இல்ல சார்” என்றேன்.

“என்ன?”

“இல்ல சார்.”

அவருக்குக் கேட்கவில்லை. ரெஜினா அக்கா அப்போது தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார்.

ஜூலை 2, செவ்வாய்

இரண்டு டேப்பையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. மாஸ்டர் காலைத் தொட்டால் எனக்கே தெரிகிறது, இளகியிருக்கிறது. கணுக்கால் எலும்பின் முனை பதினான்கு வருடத்துக்குப் பிறகு வெளியே எட்டிப் பார்க்கிறது. ரெஜினா அக்கா அதற்கு ஒரு முத்தம் கொடுக்கப் போக, மாஸ்டர் காலை இழுத்துக்கொண்டார்.

தண்ணீர்த் தொட்டியில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று சார் சொன்னார். துடைப்பத்தை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். அடியில் விரிசல். கால் வைப்பதற்கு முன்பே எல்லாம் ஒழுகிவிட்டது. வெளியே போன தண்ணீர்தான் வீக்கம் என்றால், அந்தக் கணக்குப்படி மின்விசிறிக்கும் யானைக்கால்.

நான் பதினைந்தாம் தேதியே சொல்லியிருக்கலாம். கண்ணும் கொஞ்சம் சீக்கிரம் சரியாகியிருக்கலாம்.

“நாலாந்தேதி அவங்க முன்னாலயே ரெண்டு பேரும் அளங்க” என்றார் சார். “ரெண்டும் ஒத்துப் போகலன்னா ரூமைக் காலி பண்ணிக்கலாம்.”

ஜூலை 4, வியாழன்

முழுவதும் எழுதிவிடுகிறேன், மறப்பதற்கு முன்.

டிரஸ்ட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். குறிப்பேட்டுடன் ஓர் அம்மா, கனமான ஓர் ஐயா. மாஸ்டர் கட்டிலில் படுத்தபடியே ஐயாவின் காலைப் பார்த்து, “பாட்டம் பதினாறு. யார் தச்சது, பெட்ஷீட் தைக்கிறவனா?” என்றார். ஆரம்பமே அப்படி.

நான் ஐந்து நிமிடம் பேச எழுந்து நின்றேன். முதல் ஒரு நிமிடம் நின்றேன். சார் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, “அளங்க” என்றார்.

நான் அளந்தேன். 37.5. டிரஸ்ட் அம்மா எழுதிக்கொண்டார்.

மாஸ்டர் எழுந்து உட்கார்ந்து, சட்டைக் காலரைச் சுற்றித் தொங்கிய டேப்பை ஒரே இழுப்பில் எடுத்து, காலைச் சுற்றினார். “நாப்பது.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்ததால்தான் பார்த்தேன். டேப்புக்கும் காலுக்கும் நடுவே, வெகு இயல்பாக, காலங்காலமாக அங்கேயே குடியிருப்பது போல, மாஸ்டரின் சுட்டுவிரல்.

“விரல்” என்றேன்.

“என்ன?” என்றார் சார்.

ரெஜினா அக்காவைத் தேடினேன். அவர் கூடத்தில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். மாஸ்டர் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார். சார் பேனாவை மூடினார். சாம்பல் நிற பேன்ட் காகிதப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது.

“மாஸ்டர்! விரல எடுங்க!”

யார் கத்தியது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். கூடத்தில் கழுத்துப்பட்டை போட்டிருந்தவர் கழுத்தோடு சேர்த்து முழு உடம்பையும் திருப்பிப் பார்த்தாராம், ரெஜினா அக்கா பிறகு சொன்னார்.

“எந்த விரல?” என்றார் மாஸ்டர்.

“டேப்புக்குள்ள இருக்கிற விரல.”

மாஸ்டர் தன் விரலைப் பார்த்தார், முதல் முறையாகச் சந்திப்பது போல. பிறகு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “விரல் உடாம எவன்மா அளப்பான்? மனுசன் உக்கார வேணாமா? மாடி ஏற வேணாமா? முப்பத்தி நாலு வருசமா இந்த விரல் உள்ளதான் இருக்குது. இத எடுத்துட்டு அளந்தா அது அளவா? அதுக்குப் பேரு கொலை!”

“பேன்ட்டுக்கு விரல் வேணும் மாஸ்டர். காலுக்கு வேணாம். கால நாம தைக்கப் போறதில்ல.”

ஐயா முதலில் சிரித்தார். டிரஸ்ட் அம்மா, விரல் இல்லாமல் ஒரு தடவை அளக்கச் சொன்னார். மாஸ்டர் டேப்பை, ஏதோ பாம்பைப் பிடிப்பது போலப் பிடித்துச் சுற்றினார். கடைசி நொடியில் விரல் உள்ளே போய்விட்டது. “மன்னிச்சிக்கோங்க, அதுவா போவுது.” மறுபடி சுற்றினார். மறுபடி போனது. ஓடி வந்த ரெஜினா அக்கா அந்த விரலை மட்டும் தன் முந்தானையால் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மாஸ்டர் மற்ற விரல்களால் தடுமாறித் தடுமாறி அளந்தார்.

முப்பத்தேழரை.

சார் பேனாவை மறுபடி திறந்தார். பிறகு, “டேப்ப இழுத்தியான்னு கேட்டேன். தப்பு” என்றார். உடனே, அவர் சார் என்பதால், அடுத்த கேள்வியையும் கேட்டார்: “சரி, தடவுனதுல எவ்வளவு கொறஞ்சுது, கட்டுனதுல எவ்வளவு?”

“பிரிச்சுச் சொல்ல முடியாது சார். மசாஜ் வழியத் திறந்து விடுது. கட்டு திரும்பி வராமத் தடுக்குது. கட்டு இல்லாம தடவ மட்டும் செஞ்சா சாயங்காலமே பாதி திரும்பிடும். கால் இருபத்தொம்பதுக்கு வரவும் வராது, தோல் உள்ளே தடிச்சிருக்கு. ஆனா இளகியிருக்கு. தொட்டுப் பாருங்க.”

பிறகு பஸ் உதாரணத்தையும் சொன்னேன். ஒரு மாதமாகக் கையில் வைத்திருந்தது. டிரஸ்ட் ஐயா, வீட்டில் தன் மனைவியின் கை, மார்பு ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வருடமாக வீங்கியிருப்பதாக மெல்லச் சொன்னார். திங்கட்கிழமை கூட்டி வருகிறார்.

கதவில் இருந்த தாளை சார் லேமினேஷன் போடச் சொல்லிவிட்டார்.

ஜூலை 9, செவ்வாய்

மாஸ்டர் வருகிறார், படுக்கிறார், மூச்சு விடுகிறார், போகிறார். என்னோடு பேசுவதில்லை. “நாலு பேர் முன்னால அவர் வெரல அவமானப்படுத்திட்டியாம்” என்று ரெஜினா அக்கா காதோடு சொன்னார். “கடையில இப்ப அளவெடுக்கும்போது வெரல் நடுங்குதாம். சும்மா. நடிப்பு.”

37.

ஜூலை 19, வெள்ளி

36.5.

ஜூலை 26, வெள்ளி

36.5. ஒரு வாரமாக நகரவில்லை. இது இந்தக் காலின் இப்போதைய எல்லை என்று நினைக்கிறேன். மேலே கட்டுக்குப் பதிலாக மெல்லிய காலுறை போட வேண்டும், அதையும் சேர்த்தால் 37. பேன்ட் முப்பத்தைந்தரை. ஒன்றரை சென்டிமீட்டர் போதாது. நேராகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, சத்தமாகவே சொன்னேன்.

“மாஸ்டர், ஒன்றரை சென்டி இடிக்குது. பாட்டத்தைக் கொஞ்சம் பிரிச்சு விடுறீங்களா?”

மூன்று வாரத்துக்குப் பிறகு மாஸ்டர் பேசினார்: “நீ உன் வேலையப் பாரு.”

ஜூலை 28, ஞாயிறு

விழா ஒரு கல்யாண மண்டபத்தில். அம்மாவும் வந்தாள், கால் தடவுகிற இடத்து ஆட்கள் எப்படி இருப்பார்கள் என்று பார்க்க. மாஸ்டர் மணமகள் அறைக்குள் காகிதப் பையோடு போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வெளியே ரெஜினா அக்காவும் நானும். உள்ளே சத்தமே இல்லை. மேடையில் அவர் பெயரை ஒரு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். ரெஜினா அக்கா கதவைத் தட்டி, “மாட்டிக்கிச்சா? கத்திரிக்கோல் கொண்டாரவா?” என்றார்.

கதவு திறந்தது.

இரண்டு காலும் ஒரே மாதிரி விழுந்திருந்தன. மடிப்பு நேராக இறங்கி, காலணி மேல் லேசாக உட்கார்ந்திருந்தது. காலுறையோடு உள்ளே போயிருந்தது, இறுக்கமும் இல்லை. எனக்குப் புரியவில்லை. கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தேன். மாஸ்டர் காலை முன்னால் நீட்டினார், அளந்துக்கோ என்பது போல.

பேன்ட்டின் பாட்டம் முப்பத்தெட்டு.

“மாஸ்டர், பாட்டம் பதினாலுன்னீங்களே?”

“பதினாலுதான்.” சுட்டுவிரலை என் மூக்குக்கு நேராகக் காட்டினார். “இதோட.”

விரல் அப்போதே உள்ளே போய்விட்டிருக்கிறது. எங்கள் சண்டைக்கெல்லாம் முன்பே, மே மாதத்திலேயே, அந்தத் தையலுக்குள் உட்கார்ந்து எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறது.

“எல்லாத்தையும் எறக்குனது நீ. கடசி ஒண்ணரைய எறக்குனது இவன்” என்று விரலைத் தட்டிக்கொடுத்துவிட்டு, மேடைக்குப் போனார். நொண்டல்கூடக் குறைவுதான். பொன்னாடையை வாங்கி முழங்காலுக்குக் கீழே தொங்காமல் சுருட்டிக்கொண்டார், பேன்ட் மறையாதிருக்க. பிறகு மைக்கில், “அந்த மூணாவது வரிசைல பச்ச சுடிதார் போட்ட பொண்ணு எந்திரிக்கணும்” என்றார். எழுந்தேன். “இதான் என் டாக்டர். தொட்டதே தெரியாது. கத்துனா ஊருக்கே கேக்கும்.”

அம்மா கைதட்டிக்கொண்டே என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“கண்ணு செவந்திருக்குது பாப்பா” என்றாள். “இந்தத் தடவ நெசமாவே.”

ஜூலை 29, திங்கள்

அறை வாசலில் ஐந்து டெய்லர்கள். இரண்டு பேருக்குக் கால் வீக்கம், ஒருவருக்குக் கை, ஒருவர் துணைக்கு, ஒருவர் வேடிக்கை பார்க்க. ஐந்து பேர் கழுத்திலும் டேப். சவரிமுத்து மாஸ்டர் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து, யார் யார் சட்டைக்காரர்கள், அவர்களை எப்படிக் கடைசியில் பார்க்க வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

லேமினேஷன் போட்ட தாளுக்குக் கீழே நான் இன்னொரு தாள் ஒட்டினேன்: ‘அளவு எடுக்கும்போது விரல்களை வெளியே வைக்கவும்.’

பிறகு, அவர்கள் படிக்க மாட்டார்கள் என்று தெரிந்ததால், வாசலில் நின்று நானே சத்தமாகப் படித்தேன்.